கட்டுமரம் என்ற சொல்லும் கன்னித் தீவுகளின் கடலும்

நண்பர் ஒருவர் வீட்டில் பழைய பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரசுரம் கிடைத்தது. அட்டையில் பச்சையும் நீலமுமாய்க் கடல். அதன்மேல் இரட்டை உடல் கொண்ட ஒரு வெள்ளைப் படகு. இரு உடல்களுக்கும் இடையே முன்புறத்தில் கட்டியிருந்த வலையில் ஓர் ஆணும் பெண்ணும் சாய்ந்து கிடந்தார்கள். வேறு ஆளே இல்லை. படகிலும் இல்லை, பின்னால் தெரிந்த தீவின் கரையிலும் இல்லை. கீழே 'கட்டமரான்' என்று போட்டிருந்தது. "நம்ம வார்த்தைதானே!" என்றார் நண்பர். அந்தத் திருப்திதான் என்னை உறுத்தியது. ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைப் பட்டியல் போட்டு மகிழும் ஒரு மரபு நம்மிடம் உண்டு. சொல் எப்படிப் போனது, யாருடைய கையில் என்னவாக மாறியது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். அந்தப் படகுக்கும் நம் கரைகளின் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர ஒரு ஒட்டும் இல்லை. கட்டுமரம் என்பது மிதக்கும் மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கியது. அதற்கு உள் இல்லை, வெளி இல்லை. தண்ணீர் மேலே ஏறும், இடுக்குகள் வழியே இறங்கிப் போகும். மூழ்குவது என்ற பேச்சே அதற்குக் கிடையாது. சோழமண்டலக் கரைபோல் அலை உடைந்து புரளும் கடற்கரைக்கு, துறைமுகமே இல்லாத கரைக்கு, இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. கடற்கரையில் இதை வெறுமனே 'மரம்' என்றுதான் சொல்வார்கள். 'கட்டு' நிலத்துக்காரன் சேர்த்துச் சொல்வது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், கொள்ளைக் கப்பல்களில் திரிந்தவர், இந்தச் சொல்லைத் தன் பயண நூலில் (1697) எழுதி வைத்தார். ஒரே ஆளைத் தாங்கும் சின்ன மரங்களைச் சொல்லும்போது, ஓட்டுகிறவனின் கால்களும் பிட்டமும் எப்போதும் நீருக்குள்ளேயே கிடக்கும் என்று குறிப்பிடுகிறார். இந்த நனைந்த உடலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கம்பெனிக் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். வேறு எந்தப் படகும் அலையைத் தாண்ட முடியாத நாட்களில்கூடக் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்து நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு பேரரசின் தபால், பெயர் பதியப்படாத தலைகளின்மேல் போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் சொல் தனியாகப் பிரிந்து அலைகிறது. 1804இல் நெப்போலியனின் படையெடுப்புக்கு அஞ்சிய பிரிட்டன், புலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டனைக் கொண்டு வெடிமருந்து அடைத்த மிதவைப் பெட்டிகளைச் செய்தது. அவற்றுக்கு வைத்த பெயர் கட்டமரான். பெரிய சேதமொன்றும் ஆகவில்லை, கேலிதான் மிஞ்சியது. 19ஆம் நூற்றாண்டுப் பேச்சு ஆங்கிலத்தில் இதே சொல் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசவாகவும் ஆனது. 'நம்ம வார்த்தை' என்று மகிழ்கிறவர்கள் இந்த அத்தியாயத்தை விட்டுவிடுவது வழக்கம்.

படகின் வடிவம் வந்தது வேறொரு கடலிலிருந்து. இரண்டு உடல்களைக் குறுக்கு மரங்களால் இணைத்துப் பாய் கட்டுவது பசிபிக் தீவு மக்களின் கலை. சமோவா, டோங்கா, தஹிதி, ஹவாய், நியூசிலாந்து என்று பூமியின் பெரும் நீர்ப்பரப்பு ஒன்றில் மனிதர்கள் குடியேறியதே இந்தக் கலங்களில்தான். 1769இல் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறிய ரையாட்டியா தீவின் துபையா, தன் நினைவிலிருந்த தீவுகளை வைத்து ஒரு வரைபடம் உருவாகக் காரணமாக இருந்தார். அடுத்த ஆண்டு பட்டாவியாவில் நோயில் இறந்தார். ஐரோப்பியர்கள் இந்தக் கலங்களைப் பார்த்தார்கள், வரைந்தார்கள், வியந்தார்கள். பிறகு அவர்களுடைய ஆட்சியிலும் மிஷன்களின் காலத்திலும் அந்தத் தொலைதூரப் பயணங்கள் பல இடங்களில் மங்கி அற்றுப்போயின. 1876இல் நதானியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட 'அமரில்லிஸ்' படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி எல்லோரையும் முந்தினார். 'இது படகே அல்ல' என்று எதிர்ப்புக் கிளம்பித் தகுதிநீக்கம் செய்தார்கள். அவர் என்ன செய்தார்? அடுத்த ஆண்டு காப்புரிமை வாங்கினார். பசிபிக் மக்களின் வடிவம், தமிழ் மீனவனின் சொல், அமெரிக்கரின் காப்புரிமை. கிழக்கத்திய மிதவை எல்லாம் ஒன்றுதானே என்ற அலட்சியத்தில் இரண்டு கடல்களும் ஒரே பெயருக்குள் தள்ளப்பட்டன.

1950களின் நடுவில் ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர், தானே கட்டிய ஏழு மீட்டர் இரட்டைப் படகில் இரண்டு ஜெர்மன் பெண்களோடு அட்லாண்டிக்கைத் தாண்டி டிரினிடாட் சேர்ந்தார். பாலினேசியக் கலம் பெருங்கடலைத் தாங்கும் என்று நிரூபிப்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. 1970களின் நடுவில் ஹவாய்க்காரர்கள் 'ஹோக்குலேயா'வைக் கட்டினார்கள். மைக்ரோனேசியாவின் சத்தவல் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக், கருவி ஏதும் இல்லாமல் நட்சத்திரத்தையும் அலைப்போக்கையும் வைத்தே அதைத் தஹிதிவரை ஓட்டிப்போனார். அந்தப் பயணம் விடுமுறை அல்ல. பறிபோன ஓர் அறிவைத் திரும்பப் பெறுகிற அரசியல்.

சரி, அட்டைப் படத்துக்கு வருவோம். படம் எடுக்கப்பட்ட இடம் கரீபியனில் உள்ள பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள். 1493இல் கொலம்பஸ் வந்து, புனித உர்சுலாவையும் அவளுடன் மாண்டதாகக் கதை சொல்லும் பதினோராயிரம் கன்னிகளையும் நினைத்து வைத்த பெயர். ஆட்கள் ஏற்கெனவே வாழ்ந்த தீவுகளைத்தான் 'கன்னி' என்றார். யாரும் தொடாதது, எனவே நாம் தொடலாம் என்பதுதானே அதன் உட்பொருள்? சுற்றுலாப் படத்தில் கரை ஏன் காலியாக இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி.

தலைத்தீவு டோர்டோலா. 1672இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கரும்பும் பருத்தியும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தன. இங்கே ஆர்தர் ஹாட்ஜ் என்றொரு பண்ணை முதலாளி. ஆட்சிக் குழுவிலும் உறுப்பினர். பிராஸ்பர் என்ற அடிமை, தான் காவல் காக்க வேண்டிய மரத்திலிருந்து ஒரு மாம்பழம் விழுந்துவிட்டதற்காகக் கசையடி பட்டுச் செத்தார். அந்தக் கொலைக்காக ஹாட்ஜ் 1811 மே 8ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். ஆங்கில 'மேங்கோ'வின் வேர் போர்த்துக்கீசியர் வழியாக மாங்காய்க்கு, நம் தென்னிந்தியக் கரைக்குத்தான் வந்து சேரும். ஆக, கட்டமரான் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கரைச் சொல் ஒன்று அந்தத் தீவுக்குப் போயிருக்கிறது. பெருமைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

1834 ஆகஸ்ட் 1இல் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. சர்க்கரை நொடித்துப்போக, வெள்ளை முதலாளிகள் ஒவ்வொருவராய்க் கிளம்பினார்கள். 1853இல் கால்நடை வரிக்கு எதிராகக் கலகம் மூண்டது. கைவிடப்பட்ட நிலங்கள் மெல்ல மெல்ல முன்னாள் அடிமைகளின் சந்ததியார் கைக்கு வந்தன. கரீபியனில் இது சாதாரணம் அல்ல. லண்டன் கண்ணில் அது உருப்படாத காலனி. அங்கே வாழ்ந்தவர்களுக்கோ சொந்த நிலம், சொந்த மாடு, சொந்தப் படகு. ஊர் மரத்தை வெட்டி அவர்களே கட்டிய 'டோர்டோலா ஸ்லூப்' என்னும் பாய்மரப் படகில் மீனும் ஆடுமாடும் கரியும் ஏற்றிப் பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸ் சந்தைக்குப் போவார்கள். இன்று தம்பதிகள் உல்லாசமாகக் கடக்கும் அதே கால்வாய், அதே கிழக்குக் காற்று. அந்தப் படகில் பெண்களும் போனார்கள், விற்கவும் வாங்கவும்.

சுற்றுலா வந்தது 1960களில். 1964இல் லாரன்ஸ் ராக்கஃபெல்லர் விர்ஜின் கோர்டா தீவில் பணக்காரர்களுக்கான விடுதியைத் திறந்தார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் தலைநகர் ரோட் டவுனின் விக்கம்ஸ் கே கடலோரமும் அனகாடா தீவின் பெரும்பகுதியும் கென்னத் பேட்ஸ் என்ற வெளிநாட்டு முதலீட்டாளருக்கு 199 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. அனகாடாவை எண்ணிப் பாருங்கள்: பவளத்தாலான தட்டையான தீவு, அதன் உச்சியே ஒன்பது மீட்டரைத் தொடாது. அதில் தலைமுறைகளாக மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் இனி வேறொருவரின் குத்தகை நிலத்தில் இருக்க வேண்டும். 1968இல் நோயல் லாயிட் என்பவர் தலைமையில் 'பாசிட்டிவ் ஆக்‌ஷன் மூவ்மென்ட்' என்ற இயக்கம் தெருவில் இறங்கியது. பெரிய சித்தாந்தப் பின்னணி எல்லாம் கிடையாது. எங்கள் தாத்தன் வாங்கிய நிலம், எங்கள் கரை, அவ்வளவுதான். குத்தகை தோற்றது. அரசு கடன் வாங்கி நிலத்தைத் திரும்ப வாங்கியது. இன்று ரோட் டவுனில் லாயிட் பெயரிலும் அந்த இயக்கத்தின் பெயரிலும் ஒரு பூங்கா இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் பிரசுரமும் அங்கே போய் நிற்கச் சொல்வதில்லை.

இதற்கு அடுத்த ஆண்டு, 1969இல், சார்லி கேரி, ஜின்னி கேரி என்ற அமெரிக்கத் தம்பதி அதே ஊரில் ஆறு பாய்மரப் படகுகளோடு 'தி மூரிங்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தம்பதிகளின் கடல் விடுமுறை என்ற தொழிலின் முக்கியத் தொடக்கங்களில் ஒன்று ஒரு தம்பதியிடமிருந்தே வருகிறது. மாலுமி இல்லாமல் வெறும் படகை வாடகைக்குக் கொடுப்பது இதன் சூட்சுமம். கப்பல் முதலாளியும் நீ, கேப்டனும் நீ. தீவுகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில், வரைபடமே அநேகமாகத் தேவையில்லை. காற்றும் ஒரே திசையிலிருந்து. காலையில் நார்மன் தீவு, மறுநாள் கூப்பர், அப்புறம் விர்ஜின் கோர்டாவின் பெரும்பாறைகள். இரவு நங்கூரம்கூடப் போட வேண்டாம், மிதவையில் கயிற்றைக் கட்டினால் போதும். பிற்காலத்தில் ஒற்றை உடல் படகுகளைத் தள்ளிவிட்டுக் கட்டமரான்கள் ஆதிக்கம் பெற்றதற்கும் காரணம் உண்டு. அது சாய்வதில்லை. ஓடும்போது மேசைமேல் வைத்த காப்பிக் கோப்பை அப்படியே இருக்கும். ஆழம் குறைந்த நீரிலும் போகும். இரண்டு உடல்களிலும் குளியலறையோடு கூடிய படுக்கையறைகள். டாம்பியர் பார்த்த மனிதனின் கால்கள் நீரில் கிடந்தன. இங்கே கடலில் ஒரு வாரம் இருந்தும் விரும்பினால் ஒழிய நனைய வேண்டியதில்லை. பெயர் மட்டும் அவனுடையது.

ரோலான் பார்த், கப்பல் என்பது பயணத்தைவிட அடைபட்ட வீட்டுச் சுகத்தின் குறி என்று ஜூல் வெர்னை வைத்துச் சொன்னார். ஃபூக்கோவோ கப்பலை இடமற்ற இடம், கற்பனையின் பெரும் சேமிப்பு என்றார். நம் சிறுபத்திரிகைகள் பிந்தையவரை நிறையக் கொண்டாடிவிட்டன. டோர்டோலாவில் நின்று பார்த்தால் பார்த் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அடித்தளத்தில் சங்கிலியோடு வந்தவர்களுக்குக் கப்பல் எந்தக் கற்பனையின் சேமிப்பு?

இன்னொன்று. படகிலிருக்கும் தம்பதி தனியாக இருப்பதாக நினைக்க, பலர் கண்ணில் படாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. படுக்கை விரிப்பைத் துவைப்பவர், எஞ்சினைப் பார்ப்பவர், கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்பவர். அந்தக் கம்பெனியின் கட்டமரான்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு அச்சில் வார்க்கப்படுகின்றன. பணமுள்ள ஒரு தம்பதி படகை வாங்கிக் கம்பெனியிடமே சில ஆண்டுகளுக்கு விட்டுவைத்தால் மாதாமாதம் ஒரு தொகை வரும். இன்னொரு தம்பதியின் தனிமை இவர்களுக்கு வட்டி. கம்பெனியும் கைமாறிக்கொண்டே வந்து, 2017இல் ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் சேர்ந்தது. அதன் தளம் இருப்பது எங்கே தெரியுமா? விக்கம்ஸ் கேயில். (1984 சட்டத்துக்குப் பிறகு அதே ஊரில் ஆளில்லாக் கம்பெனிகளும் லட்சக்கணக்கில் முளைத்தன. 2016இல் கசிந்த பனாமா ஆவணங்களில் வந்த கம்பெனிகளில் பாதி இங்கே பதிவானவை. ஆளில்லாத கரை என்ற பிம்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் உண்டா?)

பெண்ணும் ஆணும் சேர்ந்து கடலில் போவது நம் கரைகளில் பேசப்பட்ட விதமே வேறு. சுந்தர ராமசாமி தமிழாக்கிய தகழியின் 'செம்மீன்', கடலில் போனவனின் உயிர் கரையில் இருப்பவளின் கற்பில் தொங்குகிறது என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த நாவல். கடல் ஆணுக்கு, பயம் பெண்ணுக்கு. அந்த நம்பிக்கையை நாம் மீனவப் பண்பாடு என்று ரசித்தோம். மீனைச் சுமந்து தெருத்தெருவாக விற்று வீட்டைக் காப்பாற்றிய பெண்கள் அந்த ரசனைக்குள் வரவில்லை. டோர்டோலா ஸ்லூப்பில் சந்தைக்குப் போன பெண்ணை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

2017 செப்டம்பர் 6ஆம் தேதி இர்மா புயல் ஐந்தாம் வகை வேகத்தோடு அந்தத் தீவுகளின்மேல் ஏறிப் போனது. புயலுக்குப் பாதுகாப்பு என்று பராக்கிட்டா விரிகுடாவுக்குள் கொண்டுபோய்க் கட்டிய நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. கட்டமரான்கள் குப்புறக் கிடந்தன. காப்பீட்டுப் பணம் வந்தது, புதுப் படகுகள் வந்தன. கண்ணாடி இழையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அது மக்காது, எரித்தால் நஞ்சு. உடைந்த உடல்கள் ஆண்டுக்கணக்கில் கரையோரங்களில் கிடந்தன.

நம் கரையிலும் இதே பொருள்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள். ஏற்கெனவே குறைந்துவந்த கட்டுமரம் பல ஊர்களில் அத்தோடு ஒதுங்கியது. எஞ்சின், மண்ணெண்ணெய், கடன் எல்லாம் கூடவே வந்தன. அது மீனவர்களுக்கு வசதி இல்லை என்று நகரத்திலிருந்து நான் சொன்னால் அபத்தம். அலையில் உடம்பு நனையாமல் போகவும் விரைவாகத் திரும்பவும் அவர்களுக்கும் உரிமை உண்டு. கட்டுமரம் தொழில் முடிந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரம் மரமாகத் தோளில் தூக்கிப்போய் மணலில் காயப்போடுவார்கள். நீர் குடித்த மரம் காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். புதுப் படகுக்கு அந்த வேலை இல்லை. விரிசல் விட்டால் பிசின் வாங்க வேண்டும்.