மணலில் எழுதிய எழுத்து
(இல்லமும் எழுத்தறிவும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

குழந்தை பேசக் கற்பதற்கென எவரும் பள்ளிக்கூடம் அமைப்பதில்லை. தாயின் மடியிலும் முற்றத்து விளையாட்டிலும் அது மொழியைத் தானே பெற்றுக்கொள்ளுகின்றது. ஆயின், எழுத்தென்று வந்தவுடன், அது பள்ளிக்கூடத்துக்கே உரிய பொருளென்றும், கற்றவர் துணையின்றி அதனை அணுகலாகாதென்றும் கருதுகின்றோம். இக்கருத்து எத்துணைப் பொருத்தமானது என்பதனைக் கண்டி மலைநாட்டின் வரலாற்றைத் துணையாகக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் முன்னோர் வகுத்த முறையிலே எழுத்தறிவு விரல்நுனியிலேதான் தொடங்கிற்று. விஜயதசமி நாளில், தட்டிற் பரப்பிய பச்சையரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும் ஏடு தொடக்கல் இன்றும் நம் கோயில்களில் நிகழ்கின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் மணலில் எழுத்தை வரைந்து, அதன் ஒலியை உரக்கச் சொல்லிப் பழகிய பின்னரே ஏட்டையும் எழுத்தாணியையும் கையிலெடுத்தனர். ஔவையாரின் ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்திருத்தலும் இளஞ்சிறார் நினைவுக்கு உதவுவதேயாம். எனினும், அப்பள்ளிகளிலே பொருளுணராது ஒப்புவித்தலும் பிரம்படியும் மிகுந்திருந்தன என்பதனையும் நாம் மறைத்தலாகாது.

இம்மணலெழுத்து கடல் கடந்து சென்ற வரலாறு வியத்தற்குரியது. சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை 1789 ஆம் ஆண்டில் ஏற்ற அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், ஒருநாட் காலையிற் குதிரைமீது செல்லும்பொழுது, தமிழ்ப் பிள்ளைகள் நிலத்திலமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் விடுதியிலும் புகுத்தி, முன்னேறிய மாணவரைக்கொண்டு ஏனையோருக்குக் கற்பித்தார். 1797 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக இம்முறை சென்னை முறை எனப் பெயர்பெற்றுப் பரவிற்று. ஆயினும், ஓராசிரியரைக்கொண்டு பெருந்தொகையினருக்குக் குறைந்த செலவிற் கற்பிக்கும் வழியென்றே மேனாட்டார் அதனைப் போற்றினர். மணலைத் தொடுகின்ற விரலின் இன்பம் பின்தள்ளப்பட்டது. வரிசையும் ஒழுங்கும் முன்வந்தன.

இனி நம் மலைநாட்டை நோக்குவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தமிழகத்துத் தொழிலாளர் இங்கு வந்தனர். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் கோப்பி நோயால் அழியத் தேயிலையே மலைகளை மூடிற்று. பருவத்துக்கு வந்து சென்ற மக்கள் குடும்பமாக லயன் காம்பராக்களில் நிலைபெற்றனர். அவர்தம் பிள்ளைகளின் கல்விக்குச் சட்டம் இடந்தந்தது மிகத் தாமதமாகவே. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும், 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்ட நிருவாகத்தினர்மீது இப்பொறுப்பைச் சுமத்தின. நடைமுறையில் அமைந்தவை பெரும்பாலும் ஓராசிரியர், ஓரறைப் பாடசாலைகளே. 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்த பின்னரும், 1970 களில் அரசாங்கம் பொறுப்பேற்குங்காறும், தோட்டப் பாடசாலைகள் பல ஒதுக்கப்பட்டே கிடந்தன.

அதே 1907 ஆம் ஆண்டு சனவரித் திங்களிலே, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், மரியா மொன்ரிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, குழந்தைகள் கவனிப்பாரற்றுத் திரிந்த இடம் அது. நம் லயன்களை ஒத்த இடமெனலாம். அங்கே உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் வருடி, ஒலியைக் கூறி, தனியெழுத்துக்களை அடுக்கிச் சொல்லாக்கி விளையாடினர். எவரும் வற்புறுத்தாமலே எழுதினர், பின்னர் படித்தனர். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், 1944 இல் இலங்கையிலும் விரிவுரைகள் நிகழ்த்தினார். நம் திண்ணையிலே விரல் கற்ற பாடம் வேறொரு வழியாக நம்மிடமே மீண்டது போலும்!

ஒரே ஆண்டிற் பிறந்த சட்டமும் இல்லமும் நமக்கு உணர்த்துவது யாது? சட்டம் பள்ளிக்கூடத்தை மட்டுமே நினைந்தது. ஆறு வயதுக்கு முன்னர் பிள்ளை வாழ்ந்த இடத்தை அது நினைக்கவில்லை. ஆயின், அவ்விடம் வெறுமையானதன்று. தாய் கொழுந்தெடுக்கச் சென்ற பின்னர், பாட்டிமாரின் தாலாட்டும் விடுகதையும் கதையும் பிள்ளையின் செவியை நிறைத்தன. அங்கே சொல்வளம் இருந்தது. எழுத்து ஒன்றே இல்லாதிருந்தது.

இதனை யான் நூலிற் கற்றிலேன். என் பாட்டியார் சம்பள நாளிற் கைநாட்டு வைத்தவர். அவர் மாலைதோறும் சுளகில் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பரப்புவார். என் தமக்கையார் அன்று பள்ளியிற் கற்ற எழுத்தை அதில் வரைவார். யான் அதன்மேல் விரலோட்டுவேன். "இது என்ன சொல்லுது, ராசா?" என்று பாட்டியார் வினவுவார். யான் விடை கூறின் அவரும் ஒருமுறை வரைந்து பார்ப்பார். யான் இரண்டாம் வகுப்பை அடைந்தபொழுது, அவர் தம் பெயரை எழுதலானார். எழுத்தறியாத ஒருவர் என் முதல் ஆசிரியராயினார் என்பதனை, யான் ஆசிரியனான பின்னரே உணர்ந்தேன்.

இல்லத்தை உயர்த்துதற்குப் பெண்கல்வி இன்றியமையாதது. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியதோடமையாது, 1891 இல் இந்நகரிலே முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளிக்கூடமும் நிறுவினார். ஒரு பெண் கற்ற எழுத்தின் பயன் அவள் பிள்ளையின் விரல்நுனியிலே தெரியும்.

இன்று நாம் இரு பிழைகளைக் காண்கின்றோம். நகரத்துப் பெற்றோர் சிலர் மூன்று வயதுப் பிள்ளையின் கையிற் பென்சிலைத் திணித்துக் கொப்பி நிறைய எழுதுவிக்கின்றனர். தோட்டத்துப் பெற்றோர் சிலரோ, தமக்கு எழுத்துத் தெரியாதாகலின் தம்மால் ஆவது ஒன்றுமில்லையென ஒதுங்குகின்றனர். இருசாராரும் விளையாட்டை மறந்தவரே.

தமிழெழுத்துக்கள் 247 என்னும் தொகை மலைப்பைத் தரலாம். ஆயின் ட, ப, ம என்னும் எளிய எழுத்துக்களையும் மெய்ப்புள்ளியையும் அறிந்த பிள்ளை படம், பட்டம், மடம் ஆகிய சொற்களை அன்றே படித்துவிடும். அ, இ முதலிய வளைந்த வடிவங்களைப் பின்னர் கற்கலாம். புளியங்கொட்டைகளை அடுக்கி எழுத்தமைத்தல், சாம்பலிலோ அரிசியிலோ வரைதல், ஓரெழுத்தைக் கூறி அதிற்றொடங்கும் பொருளை வீட்டிலே தேடச்செய்தல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. பிள்ளை சலித்தவுடன் நிறுத்துதலே இவற்றின் முதல் விதியாகும்.

பள்ளிக்கூடம் எழுத்தை வளர்க்கும். அதன்மீது ஆசையை விதைக்க வேண்டியது இல்லமே. மாணவமணிகளே, இன்று மாலை நும் இல்லத்துத் தம்பி தங்கையரின் முன்னே ஒரு சுளகிற் சிறிது அரிசியைப் பரப்புமின். பாட்டியாரையும் அருகில் அமர்த்துமின்.