ஒத்திக்குப் போன ஊர்

எங்க பொன்னேரிப் பக்கம் நிலத்தை 'ஒத்தி'க்கு வைக்கிற வழக்கம் உண்டு. அவசரத்துக்குப் பணம் வாங்கிக்கிட்டு நிலத்தை ஒருத்தர் கையில கொடுத்துடுவோம். அவர் பயிர் வச்சு அனுபவிப்பார், வட்டி கிடையாது. முதலைத் திருப்பிக் கொடுத்தா நிலம் திரும்ப நம்ம கைக்கு வந்துடும். சென்னையில மொத்தமா ஒரு தொகை கொடுத்து வீட்டை 'லீஸ்'க்கு எடுக்கிறீங்களே, கிட்டத்தட்ட அதேதான். எழுத்துத் தமிழில் இதன் பெயர் ஒற்றி. அந்தச் சொல்லையே பெயரா வச்சிருக்கிற ஊர் திருவொற்றியூர். பிரளய வெள்ளம் ஒதுங்கின இடம்னு தலபுராணம் வேற காரணம் சொல்லுது. ஆனா வள்ளலார் அடமானம்கிற அர்த்தத்தை வச்சே சிலேடையா நிறையப் பாடியிருக்கார்.

உழவன் கண்ணுக்கு அந்த ஊர் வரலாறே ஒரு ஒத்திக் கணக்கு மாதிரிதான் தெரியுது.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூணு பேரும் பாடின தலம் அது. அங்கே செக்காட்டி எண்ணெய் வித்த கலிய நாயனார், சொத்தெல்லாம் கரைஞ்ச பிறகும் கோயில் விளக்கை அணையவிடலைன்னு பெரியபுராணம் சொல்லுது. கோயில்ல நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கு. பாணினி இலக்கணம் நடத்த அங்கே ஒரு மண்டபமே இருந்திருக்கு. தக்கோலப் போர்ல (949) இளவரசன் ராஜாதித்தன் இறந்த பிறகு, அவன்கூட இருந்த சேர நாட்டுப் படைத்தலைவர் ஒருத்தர் துறவியாகி இந்த ஊர் மடத்துக்கு வந்து சேர்ந்தார். சதுரானன பண்டிதர்னு பேரு. வெளியூர்க்காரர் வந்து தங்குறது அப்பவே ஆரம்பிச்சாச்சு.

சோழர் காலக் கோயில்கள்ல விளக்கெரிக்க 90 ஆடு, 96 ஆடுன்னு கொடுப்பாங்க. 'சாவா மூவாப் பேராடு'ன்னு கல்வெட்டுல இருக்கும். ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். ஆனா மேய்க்கிறவர் குட்டிகளை வச்சு எண்ணிக்கையைக் குறையாம காப்பாத்தணும், நெய் மட்டும் கோயிலுக்கு அளக்கணும். முதலைத் தொடக்கூடாதுங்கிறதுதான் அதோட சூட்சுமம்.

1708ல நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அஞ்சு கிராமம் கொடுத்தார்: திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். ஆமாங்க, உங்க நுங்கம்பாக்கமும் அந்தப் பட்டியல்லதான் இருந்துச்சு. கொஞ்ச வருஷத்துல கிராமங்களைத் திருப்பிக் கேட்டாங்க. 1717ல முகலாயப் பேரரசர் ஃபரூக்சியரோட ஃபர்மான் வந்த பிறகுதான் கம்பெனிக்கு அவை உறுதியாச்சு. அதே காலத்துல கவர்னர் ஜோசப் காலட் நெசவாளர்களையும் துணிக்குச் சாயம் எழுதுறவங்களையும் கொண்டுவந்து ஒரு பேட்டையைக் குடியேத்தினார். காலட் பேட்டைதான் இன்னைக்கு மெட்ரோ நிக்கிற காலடிப்பேட்டை.

அதுக்கப்புறம் வந்தது ஆலைகள். 1946ல மாம்மன் மாப்பிள்ளைங்கிற இன்னொரு மலையாளி இங்கே ஒரு சின்னக் கொட்டகையில பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார், அதுதான் எம்.ஆர்.எஃப். 1948ல பக்கத்துல எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ், பிற்பாடு அசோக் லேலண்ட். 1955ல என்ஃபீல்ட் இந்தியா. விம்கோ தீப்பெட்டி ஆலை பேரால ஒரு நகரும் ரயில் நிலையமுமே இருக்கு. எங்க பக்கத்துல இருந்து கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிச்சு ஷிப்டுக்குப் போனவங்க ஏராளம். ஏர் பிடிச்ச குடும்பத்துக்கு மாசச் சம்பளம், பி.எஃப்., பிள்ளைகளுக்குக் காலேஜ் எல்லாம் அந்த ஆலைகள் கொடுத்ததுதான். அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன்.

2001 கணக்கெடுப்புல திருவொற்றியூர் நகராட்சியோட மக்கள்தொகை சுமார் 2.1 லட்சம். 2011ல கிட்டத்தட்ட 2.5 லட்சம். அதே 2011ல ஊர் சென்னை மாநகராட்சியோட முதல் மண்டலமாச்சு. இந்தக் கணக்கு எத்தனை பேர் இருக்காங்கன்னு சொல்லும். வயலை விட்டவங்க எங்கே போனாங்கன்னு சொல்லாது. சாத்தாங்காடுன்னா இன்னைக்கு இரும்பு மார்க்கெட்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

கடற்கரைக் குப்பங்களுக்கு நடந்தது இன்னும் மோசம். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. தெற்கேயிருந்து வடக்கே நகர்ற மணலை அந்தச் சுவர் மறிச்சுது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே மணல் வராம ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையை அரிச்சுது. நீங்க சாயங்காலம் காத்து வாங்குற மணல்ல ஒரு பங்கு இவங்க கரைக்குப் போயிருக்க வேண்டியது. இப்போ அங்கே கரைன்னா பெரும்பாலும் கருங்கல் கொட்டின சுவர்தான்.

நவாப் கொடுத்ததைத் திருப்பிக் கேக்க முடிஞ்சுது. ஆலைக்குக் கிரயம் பண்ணின வயலைக் கேக்க முடியாது, கடல் கொண்ட மணலையும் கேக்க முடியாது. பேர்ல மட்டும்தான் ஒற்றி மிச்சம்.

இப்போ எங்க பக்கத்துக்கும் நிலம் கேட்டு வர்றாங்க. நல்ல விலைதான். பொண்ணு கல்யாணம், பையன் படிப்புன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அவசரம் இருக்கு, விக்கிறவங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேக்கிறவங்ககிட்ட ஒண்ணுதான் சொல்றேன்: குத்தகைக்கு விடுங்க, முடியலைன்னா ஒத்திக்கு வையுங்க, கிரயப் பத்திரத்துல கையெழுத்து போடறதைக் கடைசியா வச்சுக்குங்க. முதல் நம்ம பேர்ல இருந்தாத்தான் என்னைக்காவது மீட்க முடியும்.