வயிற்றில் கத்திக்குத்து: அறுவையா, காத்திருப்பா?

வயிற்றில் கத்திக்குத்துடன் வருகிற ஒவ்வொருவருக்கும் வயிற்றைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி முதல் உலகப் போரில் வேரூன்றியது. துப்பாக்கிக் குண்டும் வெடிகுண்டுச் சிதறலும் துளைத்த வயிறுகளுக்கு அது பொருந்தியது. கத்தியின் இயல்பு வேறு. அது போன பாதையில் இருப்பதை மட்டுமே வெட்டும்; அசையும் குடல் விலகித் தப்புவதும் உண்டு. இந்த வேறுபாட்டைப் பாராமல் பல பத்தாண்டுகள் அதே விதி தொடர்ந்ததால், காயமே இல்லாத எத்தனையோ வயிறுகள் நெடுக்கக் கிழிக்கப்பட்டன. வீண் அறுவைக்கும் விலை உண்டு: நுரையீரல் சளிக்காய்ச்சல், தையலில் சீழ், பின்னாளில் குடல் ஒட்டுதலும் தழும்புவழிக் குடலிறக்கமும்.

1960-இல் புரூக்ளினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜெரால்டு ஷாப்டன் இந்த விதியை எதிர்த்து எழுதினார். 1969-இல் நியூ ஆர்லியன்சிலிருந்து நான்ஸும் கோனும் 600 நோயாளிகளை ஆராய்ந்து அவர் பக்கம் நின்றனர். ஆனால் என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்த்தது ஜோகன்னஸ்பர்க் பரக்வனாத் மருத்துவமனைதான். கத்திக்குத்து அன்றாட நிகழ்வாக இருந்த சொவெட்டோ நகரியத்தின் மருத்துவமனை அது. திமித்ரியாடிஸும் ரபினோவிட்ஸும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் 651 பேர். வயிற்று உள்ளுறை அழற்சியின் அறிகுறி தெளிவாக இருந்த 345 பேருக்கு உடனடி அறுவை நடந்தது. எஞ்சிய 306 பேரைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் கண்காணித்தார்கள். அவர்களில் 11 பேருக்கே பிறகு அறுவை தேவைப்பட்டது, ஒருவரும் இறக்கவில்லை.

கத்தி வயிற்றறைக்குள் நுழைந்ததா என்பதைவிட, உள்ளே எதையாவது கெடுத்ததா என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி என்று இந்த எண்கள் சொல்கின்றன. அதற்கு விடை தருவது நோயாளியின் வயிறு. அதைத் தொட்டறியும் கை.

சிலருக்குக் காத்திருப்பு கூடாது என்பதில் கருத்துவேறுபாடு இல்லை. இரத்த அழுத்தம் சரிந்து நிலைப்படாதவர், வயிறு முழுதும் தொட்டாலே வலித்து இறுகியவர், குடல் வெளியே பிதுங்கியவர் ஆகியோர் நேராக அறுவை அரங்குக்குப் போக வேண்டும். பிதுங்கிய குடலை உள்ளே தள்ளாமல் உப்புநீரில் நனைத்த துணியால் மூட வேண்டும். குத்தி நிற்கும் கத்தியை அரங்குக்கு வெளியே எவரும் உருவக் கூடாது. இரத்தம் கொட்டும்போது பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றுவதும் தவறு. உடலைத் துளைத்த காயங்களில், அறுவை அரங்கை அடையும்வரை நீரேற்றத்தைத் தள்ளிப்போட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று 1994-இல் ஹூஸ்டன் ஆய்வு காட்டியது.

கருவிகள் வந்துவிட்ட பிறகு கைச்சோதனை எதற்கு என்பார் உண்டு. அல்ட்ராசவுண்டில் இரத்தம் தெரிந்தால் அது பயனுள்ள செய்தி. தெரியாவிட்டால் அது எதையும் விலக்கிவிடாது, ஏனெனில் ஓட்டை விழுந்த குடல் அதிகம் இரத்தம் சிந்துவதில்லை. ஈரல், மண்ணீரல், சிறுநீரகக் காயங்களைச் சிடி ஸ்கேன் நன்றாகக் காட்டும். முதுகிலும் விலாப்புறத்திலும் குத்துப்பட்டவர்களுக்கு அது இன்றியமையாதது. இருந்தும் சிறுகுடலின் சிறு துளையும் உதரவிதானக் கிழிசலும் அதன் கண்ணுக்குத் தப்பலாம். இடப்பக்க உதரவிதானக் கிழிசல் அன்றைக்கு வலிக்காமல், ஆண்டுகள் கழித்துக் குடலை நெஞ்சுக்குள் இழுத்து நெரிக்கக்கூடும். ஆகவே இடது நெஞ்சின் கீழ்ப்பகுதியில் குத்துப்பட்டவருக்கு, மற்ற எல்லாம் சீராக இருந்தாலும், லேப்ராஸ்கோப் வழியே பார்த்துவிடுவதே முறை.

காத்திருந்தால் குடல் ஓட்டை தாமதமாகத் தெரியும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் வார்டில் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துத் தைக்கப்படும் குடலும், வீட்டுக்கு அனுப்பப்பட்டு மூன்றாம் நாள் சீழ்கட்டி வரும் குடலும் ஒன்றல்ல. முதலில் ஒளிந்திருந்த காயங்களில் மிகப் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். அந்த ஒரு நாள் நாடித்துடிப்பு, காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை, வயிற்றின் இறுக்கம் ஆகியவற்றைச் சில மணிக்கொரு முறை பதிய வேண்டும். இயன்றவரை ஒரே மருத்துவர் பார்க்க வேண்டும். பணி மாறும்போது இருவரும் சேர்ந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தே ஒப்படைக்க வேண்டும். வலிமருந்தை அளவோடு கொடுக்கலாம். அது அழற்சியை மறைத்துவிடும் என்ற பழைய அச்சத்தால் நோயாளியைத் துடிக்க விடுவது கொடுமை.

காத்திருப்பும் ஒரு சிகிச்சை; அதற்கு ஆள் வேண்டும். தலைக்காயத்தாலோ கடும் போதையாலோ பதில் சொல்ல முடியாத நோயாளியிடம் இந்த முறை செல்லாது. இரவில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க மருத்துவரோ, விடியுமுன் திறக்க அரங்கோ இல்லாத மருத்துவமனையும் இதைக் கையாளக் கூடாது. அங்கே, நிலை சீராக இருப்பவரை அந்த வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும்; அனுப்ப வழியில்லையென்றால் வயிற்றைத் திறந்து பார்ப்பதே சரியான முடிவு.