கடவுச்சொல்லிலிருந்து அனுமதிச் சீட்டுக்கு: மின்னஞ்சல் செயலிகளின் வரலாற்றில் ஒரு திருப்பம்

2022 மே 30 முதல் ஜிமெயிலின் தனிநபர் கணக்குகளிலிருந்து ஒரு வசதியைக் கூகுள் விலக்கிக்கொண்டது. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு அஞ்சலைப் பெறும் வேற்றுச் செயலிகளுக்கு இசைவளிக்கும் பொத்தான் அது. 2014 முதல் அச்செயலிகளுக்கு வழங்கிவந்த பெயர் 'பாதுகாப்புக் குறைந்த செயலிகள்'. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட், தன் நிறுவனக் கணக்குகளில் 'அடிப்படை' உள்நுழைவை நிறுத்தத் தொடங்கியது. புதிய முறைக்கு அது சூட்டிய பெயர் 'நவீன' உள்நுழைவு. பெயர் சூட்டியபோதே வழக்கின் பாதி தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குறைந்தது, பழையது என்று அழைக்கப்பட்ட ஒன்றுக்காக வாதாட யார் முன்வருவார்?

அந்தப் 'பழையது' எப்படித் தோன்றியது என்று பார்க்க வேண்டும். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் அனுப்பும் நெறிமுறையில் அனுப்புநர் யார் என்று உறுதிசெய்யும் வழியே இல்லை. அதற்கான நீட்சி 1999இல்தான் வந்தது. அஞ்சலை எடுத்துப் படிக்கும் பக்கத்தில் 1984இல் பாப் நெறிமுறையும், 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த ஐமேப்பும் தோன்றின. இவற்றின் உள்ளே ஓர் அரசியல் முடிவு பொதிந்திருந்தது: அஞ்சலைக் காப்பவர் ஒருவர், அதைப் படிக்கும் நிரலை எழுதுபவர் இன்னொருவர், இவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கத் தேவையில்லை. அந்த இடைவெளியில்தான் யூடோராவும் பைனும் பிறந்தன. (யூடோரா என்ற பெயர் எழுத்தாளர் யூடோரா வெல்டியுடையது, அஞ்சலகத்தில் குடியேறும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதிய சிறுகதையே காரணம்.) 1995இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபின், எழுத்துத் திரை மட்டும் கொண்ட மாணவர் கணக்குகளில் பலர் முதல் மின்னஞ்சலைப் படித்ததும் பைனில்தான்.

ஆனால் அந்தச் சுதந்திரத்தின் திறவுகோல் கடவுச்சொல்லாக இருந்தது. அதை ஒரு செயலியிடம் கொடுப்பது வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பதற்கு ஒப்பாகும். அஞ்சலுக்கு மட்டும் என்று அதைச் சுருக்க முடியாது. இருபடிச் சரிபார்ப்பைக் கேட்கவும் அந்த உள்நுழைவில் இடமில்லை. பல கணக்குகளில் பொதுவான கடவுச்சொற்களை முயன்றுபார்க்கும் தாக்குதல்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பழைய நெறிமுறைகளின் வழியே வருவதாக மைக்ரோசாப்ட் கூறியது. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓஆத் 2.0 இதற்கு நேர்த்தியான விடை தந்தது. செயலி கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. எல்லையும் காலமும் வரையறுக்கப்பட்ட, வேண்டும்போது திரும்பப் பெறத்தக்க அனுமதிச் சீட்டு ஒன்றையே அது பெறுகிறது. இந்த மாற்றம் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல், சீட்டைப் பெறுவதற்கு முந்தைய படியில் இருக்கிறது. செயலியே முதலில் அஞ்சல் நிறுவனத்திடம் பதிவுசெய்து அடையாள எண் பெறவேண்டும். முன்பு சரிபார்க்கப்பட்டவர் பயனர் மட்டுமே. இப்போது அவர் கையாளும் கருவியும் சரிபார்க்கப்படுகிறது. 2018இல் கூகுள் வகுத்த விதிகளின்படி, ஜிமெயில் தரவைத் தம் வழங்கிகளின் வழியே கையாளும் செயலிகள் வெளித் தணிக்கைக்கு உட்பட வேண்டும். அதற்கு 15,000 முதல் 75,000 டாலர் வரை, அல்லது அதற்கு மேலும் ஆகக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. பெருநிறுவனத்துக்கு இது சில்லறை. தனியொருவர் ஓய்வுநேரத்தில் எழுதும் நிரலுக்கோ இது மூடிய கதவு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தண்டர்பேர்டு போன்ற திறமூல நிரலில், அதன் அடையாள எண்ணும் 'இரகசியமும்' எவரும் படிக்கக்கூடிய மூலநிரலிலேயே கிடக்கின்றன. பயனரின் கணினியில் இயங்கும் செயலியால் அத்தகைய இரகசியத்தைக் காக்க இயலாது என்பதை 2017இல் வெளியான ஓஆத் வழிகாட்டி ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அந்தப் பதிவு பாதுகாக்கும் பொருள் எது?

வேறு வழி இல்லாமலும் இல்லை. எந்தச் செயலியும் முன்னிசைவு இன்றித் தன்னைத் தானே பதிவுசெய்துகொள்ளும் முறையை 2015ஆம் ஆண்டின் 7591ஆம் ஆவணம் வரையறுத்திருந்தது. ஜிமெயில் அதை ஏற்கவில்லை. ஆகவே கடவுச்சொல்லின் ஓய்வும் வாயிற்காவலரின் வருகையும் ஒரே நிகழ்வாகத் தோற்றமளித்தாலும், அவை இருவேறு முடிவுகள். முதலாவதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. இரண்டாவதற்கான காரணத்தை நிறுவனங்களின் நலனில்தான் தேட வேண்டியிருக்கிறது.

கூகுளில் பதினாறு எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல் இன்னும் எஞ்சியிருக்கிறது, இருபடிச் சரிபார்ப்பை இயக்கியவர்களுக்கு. அதை விரும்பாமல் மட் போன்ற எழுத்துத் திரை நிரலில் சீட்டுமுறையைப் பயன்படுத்த முனைபவர், பல வேளைகளில் நிறுவனத்தின் நிரலாளர் தளத்துக்குச் சென்று, தானே ஒரு செயலியை உருவாக்கியவராகப் பதிவுசெய்து, தன் கடிதத்தைத் தானே படிக்கத் தனக்கொரு அடையாள எண்ணைப் பெற்றுக்கொள்கிறார்.