தேர்த்தட்டில் நின்றவன் சிறுவனா?

கொற்கைக் குளத்தங்கரையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து இந்த வாரத்தைத் தொடங்குகிறேன். கடல் அந்த ஊரைவிட்டு ஐந்தாறு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண், துறைமுகத்தை வயலாக்கிவிட்டது. ஆனாலும் வாழைக்குக் குழி தோண்டினால் சங்குத் துண்டும் சிப்பி ஓடும்தான் மேலே வருகின்றன. வெற்றிவேல் அம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு நான் திரும்பும்போது அவர் வழிமறித்தார்.

“தம்பி, நீங்க சரித்திரம் எழுதுறவுகன்னு சொன்னாவ. பால்குடி மறக்காத பையன் ஏழு ராசாக்களை அடிச்சான்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாவ. மெய்யாவே அவன் சண்டை போட்டானா, இல்ல தேர்ல சும்மா நிறுத்தி வச்சிருந்தாவளா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லிவிடக் கூடிய கேள்வியும் அல்ல. உலகத்தில் எந்த அரச குடும்பத்து வாரிசு போருக்குப் போனாலும் எழுகிற கேள்வி இது. அவர் உண்மையாகவே படையோடு நின்றாரா, அல்லது படையின் முன்னால் காட்டப்பட்டாரா? நம் கரையில் அந்தக் கேள்விக்கு உரியவன் பாண்டியன் நெடுஞ்செழியன், தலையாலங்கானத்தில் போரை வென்றவன். (சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் முன் உயிர்விடும் நெடுஞ்செழியன் வேறு. மாங்குளம் குகைக் கல்வெட்டில் வரும் நெடுஞ்செழியன் இவர்கள் இருவருக்கும் முந்தியவன். ஒரே பெயரைப் பலர் சூடிய குலம் இது.)

நடந்தது என்னவென்று முதலில் பார்ப்போம். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன், பாண்டிய நாட்டு அரியணையில் ஒரு இளைஞன் ஏறுகிறான். அவனுக்கு எதிராகச் சேரனும் சோழனும் சேர்கிறார்கள். திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என்ற ஐந்து வேளிரும் கூடவே வருகிறார்கள். இந்த ஏழு பெயர்களையும் நக்கீரர் அகநானூற்றின் 36-ம் பாட்டில் வரிசையாகத் தருகிறார். போர் முடிந்த இடம் தலையாலங்கானம். இன்று திருவாரூர் மாவட்டத்தில் குடவாசலை அடுத்துள்ள தலையாலங்காடுதான் அது என்பது பொதுவான முடிவு. சோழ நாட்டின் நடுப்பகுதி! மதுரையிலிருந்து இவ்வளவு தொலைவில், எதிரியின் வீட்டு முற்றத்தில் போய்ப் போர் நடந்திருக்கிறது. வந்தவர்களைத் துரத்திக்கொண்டு போய் அவர்கள் ஊரிலேயே அடித்தான் என்று புறநானூற்றின் 78-ம் பாட்டு சொல்வது இந்த இடத்தோடு பொருந்துகிறது.

இனி, பெரியவரின் கேள்வி.

‘பால்குடி மறக்காத பையன்’ என்ற படத்தை நமக்குத் தந்தவர் இடைக்குன்றூர் கிழார். புறநானூறு 76 முதல் 79 வரை நான்கு பாட்டும் அவருடையவை. 77-ம் பாட்டில் அவர் காட்டுகிற காட்சியை என் சொற்களில் சொல்கிறேன். காலில் இருந்த சதங்கையை இப்போதுதான் கழற்றியிருக்கிறான், அந்த இடத்தில் வீரக் கழல் ஏறியிருக்கிறது. குடுமி கழித்த தலையில் வேம்பு. சிறுவளை கழற்றிய கையில் வில். தேரின் முன்பக்கம் பொலிவோடு நிற்கிறான். யார் இவன் என்று புலவரே கேட்கிறார். கழுத்தில் குழந்தைகளுக்குக் கட்டும் ஐம்படைத் தாலி இன்னும் இருக்கிறதாம். பாலை விட்டு இன்றுதான் சோறு தின்றானாம்.

இந்தக் கடைசிச் செய்தியை யாரும் எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. நேற்றுவரை பால் குடித்த குழந்தையின் கை வில்லை வளைக்காது. இது புலவர் சேர்த்த மெருகு. இதை வைத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, எல்லாமே கற்பனை, பையனைப் பொம்மையாக நிறுத்தியிருக்கிறார்கள், சண்டை போட்டது தளபதிகள்” என்று முடிக்கிறவர்களும் உண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அதே பாட்டு அடுத்து என்ன சொல்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. மேலே மேலே வந்த வீரரைக் கண்டு அவன் வியக்கவும் இல்லை, அவர்களை இகழவும் இல்லை. வீழ்த்தியபின் மகிழவும் இல்லை, தன்னைப் பெருமையாக எண்ணவும் இல்லை. பரிசிலுக்காகப் பாடுகிற ஒருவர் அரசனைச் சிங்கமாக முழங்க வைத்திருக்கலாம். இவரோ ஒரு அமைதியைப் பதிவு செய்கிறார். முதல் போரில் நிற்கும் ஓர் இளைஞனின் இறுகிய முகம் அது. பார்க்காமல் அதை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவன் இளையவன் என்பதில் மட்டும் எல்லாச் சாட்சிகளும் ஒத்துப்போகின்றன. எதிரிகள் “நாங்கள் பெரியவர்கள், அவன் சின்னவன், கொள்ளையோ நிறையக் கிடைக்கும்” என்று பேசி வந்ததாக 78-ம் பாட்டு சொல்கிறது. 72-ம் பாட்டு அரசன் பெயரிலேயே இருக்கிறது. தன்னைச் சிறுவன் என்று இழித்துப் பேசியவர்கள்மேல் அவன் சொன்ன வஞ்சினம் அது. அந்தப் பாட்டை அவனே கட்டினானா, அவன் சொன்னதை ஒரு புலவர் பாட்டாக்கினாரா என்று கேட்கலாம். பாட்டுக்கு அடியில் உள்ள குறிப்புகள் பிற்காலத்தில் தொகுத்தவர்கள் எழுதியவை என்பதையும் நினைவில் வைக்கலாம். ஆனால் வஞ்சினத்தில் இருக்கிற ஒரு சொல்லைக் கவனியுங்கள். எதிரிகளைக் கொல்லுவேன் என்று அவன் சொல்லவில்லை. அவர்களை முரசோடு சேர்த்துக் கைப்பற்றுவேன் என்கிறான்.

முரசும் குடையும் அடையாளப் பொருள்கள்தானே என்று இன்று நமக்குத் தோன்றும். அந்தக் காலத்துப் போரில் அவைதான் குறி. வெண்குடை நிமிர்ந்து நிற்கும்வரை அதன் கீழ் படை நிற்கும். குடை சாய்ந்தால் படை கலையும். ஒரே பகலில் முரசையும் வெண்குடையையும் பிடித்தான் என்றுதான் நக்கீரரும் வெற்றியைக் கணக்கிடுகிறார். ஆகவே, அரசன் தேரில் ‘சும்மா நின்றான்’ என்றே வைத்துக்கொண்டாலும், எதிரியின் அம்புகள் எல்லாம் குறிவைக்கும் இடத்தில் அவன் நின்றான் என்றுதான் பொருள். அந்த இடத்தில் நிற்பதற்கு என்ன விலை என்று பிற்காலச் சோழர் வரலாறு காட்டுகிறது. கி.பி. 949-ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். சோழரின் ஆனைமங்கலச் செப்பேடும் அதைச் சொல்கிறது, வென்ற இராட்டிரகூடர் பக்கத்து ஆதகூர்க் கல்வெட்டும் சொல்கிறது. 1054-ல் கொப்பத்தில் இராசாதிராசன் யானைமேலேயே விழுந்தான். தம்பி அதே களத்தில் முடிசூடிப் போரைத் திருப்பினான். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டில் பெயர் பெற, ஒருவன் உண்மையாகவே யானைமேல் ஏறியிருக்க வேண்டும்.

இரு தரப்பும் ஒத்துச் சொல்வது, இத்தகைய கேள்விகளில் நான் நம்புகிற உரைகல். நெடுஞ்செழியனுக்கும் எதிரியின் வீட்டிலிருந்து ஒரு சாட்சி கிடைக்கிறது. சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறம் 17. நெடுஞ்செழியனிடம் சிறைப்பட்டிருந்த சேரன் தன் வலிமையால் தப்பிப் போய் மறுபடி ஆட்சிக் கட்டிலில் ஏறியபோது பாடியது என்கிறது அதன் குறிப்பு. குழியில் விழுந்த ஆண்யானை கரையை இடித்துத் தள்ளிவிட்டு வெளியேறி இனத்தோடு சேர்ந்தது போல என்று புலவர் உவமை சொல்கிறார். சேரன் தப்பியதைக் கொண்டாட வந்தவர், பிடிபட்டதை மறைக்க முடியாமல் சொல்லிவிடுகிறார். கைப்பற்றுவேன் என்ற வஞ்சினத்துக்கு இது பகைவர் தரப்பு ஒப்புதல்.

இதே இடத்தில் பாண்டியர் தரப்பின் ஒரு மிகையையும் நாம் பிடித்துவிடலாம். ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழித்துப் பாண்டியர் வெட்டிய பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, தலையாலங்கானத்தில் தமக்கு நிகரான இரு வேந்தரின் தலையை வாளால் துணித்ததாகப் பெருமை பேசுகிறது. சேரன் தலையோடுதான் தப்பிப் போனான்! காலம் போகப் போக ஏழு பேர் இருவராகச் சுருங்குகிறார்கள், சிறை கொலையாக வளர்கிறது. பழைய பாட்டுக்கும் பிந்திய செப்பேட்டுக்கும் இடையில் நான் பாட்டின் பக்கம்தான் நிற்பேன்.

அரச குலத்தவர் பிடிபடுவது, இறப்பதைவிடப் பெரிய சங்கடம். சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் தாமதமாக வந்ததற்காகக் குடிக்காமலே உயிர்விட்ட கதையைப் புறம் 74 வைத்திருக்கிறது. 1914-ல் இங்கிலாந்திலும் இதே கவலைதான். இளவரசர் எட்வர்டுக்கு வயது 20. கிரெனேடியர் காவல் படையில் சேர்ந்தார், போர்முனைக்கு அனுப்பும்படி மன்றாடினார். போர் அமைச்சர் கிட்சனர் மறுத்துவிட்டார். இளவரசர் சாவதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை, ஜெர்மானியர் கையில் உயிரோடு சிக்கிவிடக் கூடாது என்பதே கவலை. எட்வர்டு பிரான்ஸுக்குப் போனார், பெரும்பாலும் தலைமையகத்தோடு இருந்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் கப்பலை நமக்குத் தெரியும். கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று நம் பேச்சில் சேர்த்துக்கொண்டோம். அந்தக் கப்பலில் ஜெர்மானியப் பேரரசரின் குலத்து இளவரசர் ஒருவர் டார்பிடோ அதிகாரியாக வேலை பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பிரான்ஸ் ஜோசப், வயது 23. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே சிட்னி கப்பல் எம்டனைச் சிதைத்தபோது அவர் கப்பலின் உள்ளேதான் இருந்தார். பிடிபட்டு மால்டாவில் கைதியாக வைக்கப்பட்டார். கிட்சனர் எதற்கு அஞ்சினாரோ அதுவே எதிர்ப்பக்கத்து இளவரசருக்கு நடந்தது. அந்தச் சிறையே அவருடைய சேவைக்குச் சான்றாகவும் ஆனது.

மீண்டும் நம் கரைக்கு வருவோம். நெடுஞ்செழியனுக்குப் படை எங்கிருந்து வந்தது? அவனைப் பாடிய மதுரைக்காஞ்சி இங்கே கைகொடுக்கிறது. கொற்கையை முத்தும் சங்கும் குளிப்போரின் ஊராகக் காட்டி, அந்த ஊரார் விரும்பும் தலைவன் என்று அவனை அழைக்கிறது. அடுத்து, தென்திசைப் பரதவரின் போர்க்காளை என்கிறது. இதை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். பரதவரை எதிர்த்து அடக்கிய காளை என்று கொண்டவர்கள் உண்டு. பரதவரை நடத்திச் சென்ற காளை என்று கொண்டவர்களும் உண்டு. முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர் தங்கள் மூதாதையரைப் பாண்டியன் படையாக நினைப்பது இரண்டாவது பொருளில்தான்.

எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அந்த வரிகள் பரதவரை வலையோடும் தோணியோடும் காட்டவில்லை. பகைவர் கலங்க மேற்சென்று தாக்கும் வலிமை, கொழுத்த ஊன் உணவு, புலால் நாறும் வில், சொன்ன சொல் தவறாத ஆரவாரமான இருப்பு என்று காட்டுகின்றன. பாசறையில் இருக்கும் ஒரு படையைப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. தேரில் நின்ற இளைஞன் கையிலும் வில்தான் இருந்தது என்று இடைக்குன்றூர் கிழார் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கொற்கைக் கரையின் வில்லாளிகளிடம் அவன் வில் கற்றிருக்கலாம் என்று எண்ணிக்கொள்வது என் ஆசை. அதற்கு மேல் அதை நான் வற்புறுத்தமாட்டேன்.

கடைசியாக நெடுநல்வாடை. நக்கீரரின் இந்தப் பாட்டில் அரசன் பெயர் இல்லை. வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருப்பதால் பாண்டியன் என்று தெரிகிறது. இவனையே பாட்டுடைத் தலைவனாகக் கொள்வது வழிவழி வந்த மரபு. வாடைக் காற்றும் தூறலும் அடிக்கும் நள்ளிரவு. பந்தங்களின் சுடர் காற்றில் சாய்கிறது. படுக்கைக்குப் போகாத அரசன் ஒரு சிலரோடு பாசறையில் நடக்கிறான். முன்னே போகிறவன் வேலை நீட்டி, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு போகிறான். நழுவும் மேலாடையை இடக்கையால் பிடித்தபடி, வலக்கையை வாள் ஏந்திய ஓர் இளைஞனின் தோளில் வைத்துக்கொண்டு அவன் பின்னே செல்கிறான். சேற்றில் சேணம் பூட்டிய குதிரைகள் மழைத்துளியை உதறுகின்றன.

பொம்மையாக நிறுத்தப்பட்ட அரசனை அந்த நேரத்தில் அங்கே அழைத்துவர வேண்டிய தேவையே இல்லை. பார்ப்பதற்கு அங்கே காயம்பட்டவர்களைத் தவிர யாரும் இல்லை. தேர்த்தட்டின் மேல் நின்றதைவிட இந்த நடையை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

“பையன் சண்டை போட்டான் பெரியவரே, பால்குடிதான் புலவர் சேர்த்தது” என்று கொற்கையில் நான் சொன்னேன். “அப்ப வயசு என்ன இருக்கும்?” என்று அவர் விடவில்லை. மீசை அரும்பாத வயது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வஞ்சினத்தில் அவன் பணயமாக வைத்தவை மூன்று. வெல்லாவிட்டால், என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றி அழட்டும். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும். இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும். பின்னாளில் மாங்குடி மருதனார் அவனைப் பாடினார். பத்துப்பாட்டில் மிக நீளமான பாட்டு அதுதான், 782 அடி. உலகத்தில் எதுவும் நிலைக்காது என்று அவனுக்கே எடுத்துச் சொல்லும் அந்த மதுரைக்காஞ்சியில்தான் கொற்கையின் முத்தும், வில்லேந்திய பரதவரும், அவர்களின் போர்க்காளையும் இருக்கிறார்கள்.