சீபேப் முகக்கவசத்தில் காற்று கசிகிறதா? வாரை இறுக்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

குறட்டைதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோனால் அது 'ஸ்லீப் ஆப்னியா' எனும் மூச்சுத்தடையாக இருக்கலாம். சிங்கப்பூரில் சுமார் மூவரில் ஒருவருக்கு அது மிதமாகவோ கடுமையாகவோ இருப்பதாக 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

அதற்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது சீபேப் கருவி. முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை மூடிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்கிறது. ஆனால் முகக்கவசம் பொருந்தாவிட்டால், "இது நமக்குச் சரிப்படாது"ன்னு சில நாளிலேயே மூலையில் வைத்துவிடுவோர் உண்டு.

எந்த வகை யாருக்கு?

• மூக்குத் துவாரங்களில் பொருந்தும் சிறிய வகை: மீசை வைத்திருப்போருக்கும் கண்ணாடி போட்டுப் படிப்போருக்கும் வசதி

• மூக்கை மட்டும் மூடும் வகை: தூக்கத்தில் புரண்டு படுப்போருக்கும் பொருந்தும்

• மூக்கையும் வாயையும் மூடும் வகை: வாயால் மூச்சு விடுவோருக்கு

எப்படிப் போட்டுப் பார்ப்பது?

உட்கார்ந்தபடி சரிபார்த்தால் போதாது. படுத்தால் முகத்தின் வடிவம் சற்று மாறும்.

1. முகத்தைக் கழுவித் துடைக்கவும். எண்ணெயும் கிரீமும் இருந்தால் முகக்கவசம் வழுக்கும்

2. வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுக்கவும்

3. கருவியை இயக்கிய பிறகு, காற்று வரும்போதே வார்களைச் சரிசெய்யவும்

4. இரு பக்கமும் திரும்பிப் படுத்துப் பார்க்கவும்

காற்று கசியுதே, இன்னும் இறுக்கலாமா?

அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முகத்தில் படும் சிலிக்கோன் பகுதி காற்றால் லேசாக உப்பினால்தான் தோலோடு ஒட்டி நிற்கும். ரொம்ப இறுக்கினால் அது நசுங்கிவிடும். கசிவு கூடும், மூக்கின் மேல் புண்ணும் வரலாம்.

முதலில் வார்களைத் தளர்த்துங்கள். முகக்கவசத்தை முகத்திலிருந்து சற்று இழுத்து, மீண்டும் பொருத்துங்கள். பிறகு இரு பக்கமும் ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்படியும் கண்ணில் காற்று அடித்தால் அளவோ வகையோ மாற வேண்டியிருக்கலாம்.

முகக்கவசத்தில் உள்ள சிறு துளைகள் வழியாகக் காற்று வெளியேறுவது கசிவல்ல. நாம் விடும் மூச்சு வெளியேறும் வழி அது. அதை அடைக்கக் கூடாது.

மூச்சு முட்டுற மாதிரி இருந்தா?

பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது, கருவியை இயக்கிவிட்டுச் சிறிது நேரம் போட்டுப் பழகலாம். அழுத்தத்தை மெல்லக் கூட்டும் வசதி பல கருவிகளில் உண்டு. மூக்கும் தொண்டையும் வறண்டால் ஈரப்பதமூட்டி உதவும்.

இதை மறந்துடாதீங்க

சில முகக்கவசங்களின் கொக்கிகளில் காந்தம் இருக்கும். இதயமுடுக்கி போன்ற கருவி உடலில் பொருத்தப்பட்டிருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும். அருகில் படுப்பவருக்குப் பொருத்தப்பட்டிருந்தாலும் சொல்ல வேண்டும்.

தோலில் படும் பகுதியை நாள்தோறும் மிதமான சோப்பு நீரில் கழுவவும். பொருந்தவில்லை என்றால் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். முகக்கவசத்தை மாற்றக் கேளுங்கள்.