யாழ்ப்பாணத் தரைக்கீழ் நீரில் நைதரசன்: மாற்றமும் நகர்வும்

1. முன்னுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் மக்கள் பெரிதும் நம்பியிருப்பது, சுண்ணாம்புக்கல்லில் ஊறித் தங்கும் மழைநீரையே. உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கும் நன்னீர் அது. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு செறிவாக விளையும் இடங்களின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நைதரசனை வழியில் மறிக்கும் இயற்கைத் தடைகள் இந்நிலத்தில் மெலிந்திருப்பதே இம்மிகையின் அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. மண்ணில் நிகழும் மாற்றங்கள்

2.1 யூரியாவிலிருந்து நைத்திரேற்று

யூரியாவின் எடையில் 46 வீதம் நைதரசன். ஈரமண்ணில் யூரியேசு என்னும் நொதியம் அதைச் சில நாட்களில் அமோனியமாக்கும். சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் மேலாகத் தூவினால், ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். எஞ்சியதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அதை நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றும். இந்த நைத்திரேற்றாக்கத்தைச் செய்யும் பற்றீரியாக்களை 1890 அளவில் பிரித்தெடுத்தவர் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்சுகி.

2.2 தங்குவதும் கழுவுண்பதும்

களித்துணிக்கைகள் எதிரேற்றம் உடையவை. நேரேற்றமுள்ள அமோனியம் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். எதிரேற்றமுள்ள நைத்திரேற்றுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. வேர் உறிஞ்சாமல் விட்டதை மாரிமழை கீழே கழுவிச் செல்லும்.

3. சுண்ணாம்புக்கல்லில் தடையின்மை

நைத்திரேற்றை மீண்டும் நைதரசன் வாயுவாக்கும் நைதரசனிறக்கத்துக்கு ஒட்சிசன் குறைந்த சூழலும், நுண்ணுயிர்க்கு உணவாகச் சேதனக் காபனும் வேண்டும். நீர் தேங்கும் நெல்வயலில் இரண்டும் உண்டு. குடாநாட்டுச் செம்மண்ணோ நன்கு வடியும். பல இடங்களில் ஆழமும் குறைவு. அதன் கீழுள்ள கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் நீர் விரைந்து இறங்குவதால், மாற்றம் நிகழ அவகாசமும் இல்லை.

4. மூலங்கள்

யூரியா ஒன்றே மூலமன்று. மாட்டெருவும் அடித்தளமற்ற மலக்குழிகளும் இதே வழியில் நைதரசனைச் சேர்க்கின்றன. நைதரசன்-15 சமதானியின் விகிதம் மூலத்தைப் பிரித்தறிய உதவும்: மலம், எரு வழி வரும் நைத்திரேற்றில் அது பொதுவாகக் கூடியிருக்கும்.

5. இறைப்புச் சுழற்சி

லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது 11.3 மில்லிகிராம் நைதரசன். அத்தகைய நீரை ஒரு போகத்தில் 500 மில்லிமீற்றர் இறைத்தால், எக்டேயருக்கு ஏறத்தாழ 56 கிலோ நைதரசன் சேரும். இது சுமார் 120 கிலோ யூரியாவுக்கு ஈடு. கிணறு தரும் இவ்வுரத்தைக் கணக்கிலெடுக்காமல் வழக்கமான அளவையும் இட்டால், மிஞ்சியது மறுபடி கிணற்றுக்கே இறங்கும்.

6. முடிவுரை

இதே கிணற்றுநீரே குடிநீரும் ஆகும்; அதைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாக, செறிவு கூடும். அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசன் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம்பாரிக்கும் ஆபத்தும் உண்டு. கல்லுக்குள் தடை இல்லாதபோது அதை மேற்பரப்பிலேயே அமைக்க வேண்டும்: கிணற்றுநீரைச் சோதித்து உர அளவைக் குறைத்தல், உரத்தைப் பல தடவையாகப் பிரித்திடல், பெருமழைக்கு முன் இடாதிருத்தல், மலக்குழிக்கு நீர்புகாத அடித்தளம் இடல். நீர்ச்சோதனை அறிக்கையைத் தோட்டக்காரர் உரக் கணக்கோடு சேர்த்து வாசிப்பதே முதற்படி.